இடப்பக்கத்து இருக்கை

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்களுக்குக் கோடையில் வேலை இல்லை. ஜூன் முடிவில் பஸ்ஸைக் கொண்டுபோய் யார்டில் விட்டுவிட்டு வந்தால், செப்டெம்பர் வரை வீடுதான். கனடாவில், விட்பியில் எங்கள் தெருவில் பகலில் ஆள் நடமாட்டமே இராது. என் கணவரும் காலையில் ரயில் ஏறி நகரத்துக்குப் போய்விடுவார். மகள் ஒட்டாவாவில் படிக்கிறாள். நான் பின்வளவில் தக்காளிக்குத் தண்ணீர் விடுவேன், துணி காயப்போடுவேன், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் தக்காளியிடம் போவேன்.

அப்படிப்பட்ட ஒரு நாளில் பக்கத்து வீட்டுக் கராஜ் திறந்து கிடந்தது. அந்த வீட்டில் ஒரு பிரெஞ்சுக்காரர் தனியாக இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். சிறு வயதில் பிரான்சிலிருந்து மொன்றியலுக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்தவர். பனிக்காலத்தில் ஒருவருக்கொருவர் கை காட்டுவோம். அதற்கு மேல் பழக்கமில்லை. கராஜுக்குள் கார் என்று சொல்ல முடியாத ஒரு கார் நின்றது. கூரை இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. சைக்கிளுக்குப் போடுகிற மாதிரி மெல்லிய கம்பிச் சில்லுகள். எஞ்சின் மூடி மட்டும் அலுமாரியை நிமிர்த்தி வைத்ததுபோல உயர்ந்து நின்றது. வலப்பக்கம் ஓட்டுநரின் இருக்கை. இடப்பக்கம் இன்னொரு இருக்கை, அதைவிடச் சின்னது, ஒரு முழம் பின்னால் தள்ளி இருந்தது.

வாகனம் ஓட்டிப் பிழைக்கிறவளுக்கு அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. வேலியோரமாக நின்று கேட்டேன்: "அந்த இரண்டாவது சீற் ஏன் பின்னால் இருக்கிறது?"

அவர் தலையை நிமிர்த்தினார். எல்லோரும் அதன் விலையையோ வேகத்தையோதான் கேட்பார்களாம். சீற்றைப் பற்றி முதலில் கேட்டது நான்தானாம். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். அவருடைய ஆங்கிலம் மூக்கால் வரும், என்னுடையது தொண்டையால் வரும். ஆனாலும் விளங்கிக்கொண்டோம்.

"ஓட்டுகிறவன் ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது முழங்கை இடிக்கக் கூடாது," என்றார். "அதனால் மெக்கானிக் கொஞ்சம் பின்னால் இருப்பான்."

"பந்தயத்துக்கு மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டா போவார்கள்?"

"அவன் இல்லாவிட்டால் கார் ஓடாதே!"

அப்படித்தான் தொடங்கியது. அந்தக் காலத்து ஐரோப்பியப் பந்தயக் கார்களில் பெற்றோல் நிரப்பி வைக்கும் தாங்கி, இருக்கைக்குப் பின்னால், தாழ்வாக இருக்கும். பெற்றோல் தானாக எஞ்சினுக்கு ஏறி வராது. பக்கத்தில் இருப்பவன் கைப்பம்பினால் தாங்கிக்குள் காற்றை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு பம்பினால் எண்ணெயும் விட வேண்டும். ரயர் வெடித்தால் குதித்து இறங்கி மாற்ற வேண்டும். பின்னால் யாராவது முந்த வந்தால் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கார் வளைவில் சாய்ந்தால் மறுபக்கம் தொங்கி நிறை கொடுக்க வேண்டும்.

"சம்பளம் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"கிடைக்கும். ஓட்டுகிறவன் செத்தால் கூடவே சாவான்," என்றார்.

அடுத்த நாள் நான் சொல்லாமலே போய் நின்றேன். அதற்கடுத்த நாள் தேத்தண்ணீருடன் போனேன். எஞ்சின் மூடி ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன கதையை நான் இன்றைக்கும் பஸ் யார்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சின்னக் கார்களுக்கென்று தனியாகப் பந்தயம் நடந்ததாம். கார்கள் அளவுக்கு மீறிப் பலம் பெற்றுவிடக் கூடாதென்று, எஞ்சினுக்குள் இருக்கும் சிலிண்டர் உருளையின் குறுக்களவு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாதென விதி எழுதினார்கள். உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கார் செய்தவர்கள் சும்மா இருப்பார்களா? உருளையை மேலே மேலே வளர்த்தார்கள். கடைசியில் மூடிக்கு மேலால் பார்க்க முடியாமல், ஓட்டுநர் வலப்பக்கமாகத் தலையை நீட்டிப் பார்த்து ஓட்ட வேண்டியதாயிற்று. இடப்பக்கம் அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பக்கத்துக்குக் கண் மெக்கானிக்தான்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். வரி கட்டாமல் தப்புவதற்கு நம் ஆட்கள் கண்டுபிடிக்கும் வழிகள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

கார்களைச் செய்தவர்கள் யாரென்று கேட்டேன். பெரிய எஞ்சினியர்களாக இருப்பார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். மிளகு அரைக்கும் ஆலை செய்து விற்ற ஒரு குடும்பம், தையல் மெஷின் செய்த இன்னொரு குடும்பம், மரம் அறுக்கும் இயந்திரம் செய்தவர்கள், துவக்கும் தோட்டாவும் செய்தவர்கள் என்று அவர் அடுக்கிக்கொண்டு போனார். அவருடைய காரைச் செய்தவர்கள் வட பிரான்சில் ஒரு சின்ன ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த அண்ணன் தம்பி. பட்டறை சில காலம்தான் நடந்தது. முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அவர்களைப் பற்றித் தகவல் இல்லை. இந்தக் காரை அவர் கியூபெக்கில் ஒரு பண்ணையில் துண்டு துண்டாக வாங்கிப் பொருத்தியிருக்கிறார். பண்ணைக்காரர் எஞ்சினைக் கழற்றி விறகு அறுக்கப் பயன்படுத்தியிருந்தாராம்.

"பெண்கள் ஓட்டவில்லையா?"

"ஓட்டினார்கள். ஒருத்தி நகரத்துக்கு நகரம் ஓடிய பெரிய பந்தயத்தில், வழியில் அடிபட்டுக் கிடந்த இன்னொரு ஓட்டுநருக்கு உதவி செய்யத் தன் காரை நிறுத்தினாள். நல்ல இடத்தில் ஓடிக்கொண்டிருந்தவள்."

"பிறகு?"

"பிறகு பெண்களுக்கு மனத்திடம் போதாது என்று சொல்லி மறித்துவிட்டார்கள்."

அந்தப் பந்தயமே முடியவில்லை என்றும் சொன்னார். புழுதியில் ஒருவருக்கும் கண் தெரியவில்லை; வழியெங்கும் சனம், நாய், சாவு. அரசாங்கம் பாதியில் நிறுத்திவிட்டு, எஞ்சினைத் தொடக் கூடாதென்று சொல்லி, கார்களைக் குதிரைகளைக் கொண்டு ரயில் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனதாம். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது இதை என் கணவருக்குச் சொன்னேன். அவர் புட்டைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "குதிரையோ?" என்றார். பிறகு, "உமக்கு நல்ல பொழுதுபோக்குக் கிடைச்சிருக்கு," என்றார்.

ஓகஸ்ட் மாதத்தில் ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். பண்ணைக்குள்ளேயே ஒரு மேட்டுப் பாதை இருக்கிறது. கார்கள் ஒவ்வொன்றாக அதில் ஏற வேண்டும். பிரெஞ்சுக்காரருக்கு இவ்வளவு காலமும் மெக்கானிக்காக இருந்தவர் அவருடைய மைத்துனர். அவர் அந்த ஆண்டு வன்கூவருக்குக் குடிபோய்விட்டார். "இந்த முறை நான் போகவில்லை," என்றார் பிரெஞ்சுக்காரர். சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஐந்தடிக்குச் சற்று மேலே. நிறையும் இல்லை.

"உங்களுக்குப் பம்ப் அடிக்க வருமா?"

வீட்டில் சொன்னபோது என் கணவர் கோபப்படவில்லை. உண்மையாகவே பயந்துவிட்டார்.

"உமக்கென்ன விசரே? பெல்ற் இல்லை, கதவில்லை. உந்தத் தகரத்திலை ஏறிப் போகப்போறீரோ?"

"ஓம். போகத்தான் போறன்."

"விழுந்தா?"

"அது ஓடுற வேகத்துக்கு விழுந்தாலும் எழும்பி ஓடிப்போய்ப் பிடிச்சு ஏறலாம். நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோவன்."

மகளைத் தொலைபேசியில் அழைத்து முறையிட்டார். அவள் அந்தப் பக்கத்தில் சிரித்தது எனக்கும் கேட்டது. "அப்பா, லெற் ஹேர், போகட்டும்! அம்மா எவ்வளவு கூல் தெரியுமா?" என்றாள். அவர் தொலைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போனார்.

எங்கள் வீட்டுக்கு வடக்கே புதிய வீட்டுத் திட்டம் ஒன்று வருகிறது. வீதி போட்டாகிவிட்டது, வீடு இன்னும் இல்லை. கட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு, வேலையாட்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் காரை ட்ரெயிலரில் ஏற்றிப்போய் அங்கே பழகினோம். எஞ்சின் பிடித்துக்கொண்டால் பேச்சுக் கேட்காது. அதனால் தோளில் தட்டுவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு தட்டு என்றால் இடப்பக்கம் வழி இருக்கிறது. இரண்டு தட்டு என்றால் தடை. கைப்பம்பை அடித்து அடித்து உள்ளங்கை கொப்பளித்தது. இதையெல்லாம்விட எனக்குக் கஷ்டமாக இருந்தது மணம்தான். அந்த எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய் விடுகிறார்கள். பழைய பந்தயக் கார்களுக்கெல்லாம் அதுதானாம். சின்ன வயதில் அதைக் குடிக்க வைக்கப்பட்ட யாருக்கும் அந்தப் புகை முகத்தில் அடிக்கும்போது என்ன நடக்கும் என்று தெரியும். முகம் தானாகவே மறுபக்கம் திரும்பும். வீட்டுக்கு வந்தபோது என் கணவர் என்னை முகர்ந்துவிட்டு, "என்ன, பேதிக்குக் குடிச்சனீரோ?" என்று கேட்டார்.

மூன்றாவது ஞாயிறுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. வீதி வேலைக்காரர்கள் விட்டுப்போன தோடம்பழம்போல் செம்மஞ்சள் நிறத் தடுப்புக் கூம்பு ஒன்று வலப்பக்கம் நின்றது. வலப்பக்கம் அவருடைய பக்கம், நான் தட்டத் தேவையில்லை. அவர் நேரே போய் அதை இடித்தார். அது உருண்டு போனது. "காற்றில் நகர்ந்திருக்கிறது," என்றார். காற்றே அடிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் கவனித்தேன். நான் தட்டினால் மட்டுமே அவர் திரும்புகிறார். தட்டாவிட்டால் நேரே போகிறார்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்களுக்குக் கண் பரிசோதனை கட்டாயம். சின்னப் பிள்ளைகள் வீதியைக் கடக்கும்போது தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு யாரும் ஸ்ரியறிங்கில் இருக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி அது உடம்பில் ஊறிவிட்டது. திரும்பி வந்ததும் கராஜ் வாசலில் நின்று, தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற வெள்ளைக் காரின் இலக்கத்தைக் கேட்டேன்.

"ஏன்?"

"சும்மா. வாசியுங்கள்."

அவர் ஒன்று சொன்னார். ஒரு எழுத்தும் சரியில்லை. எனக்கு அது உடனே தெரிந்தது. எனக்குத் தெரிந்ததென்று அவருக்கும் தெரிந்தது. துணியை எடுத்துக் கையைத் துடைக்கத் தொடங்கினார். நெடுநேரம் துடைத்தார்.

"கண்புரை," என்றார். "இரண்டு கண்ணிலும். சத்திரசிகிச்சைக்குப் பதிந்திருக்கிறார்கள். கடைக்குக்கூட நான் இப்போது கார் எடுப்பதில்லை. ஆனால் அந்த மேடு எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். மேட்டில் நிற்கிற சனத்துக்கு உங்கள் கண்ணைப் பற்றித் தெரியாது."

"நீங்கள் தட்டினால் போதும்."

"போதாது. நீங்கள் ஓட்டினால் நான் ஏறமாட்டேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. கராஜ் கதவை இழுத்து மூடினார். இரண்டு மூன்று நாள் திறக்கவில்லை. நான் தக்காளிக்குத் தண்ணீர் விட்டபடி அந்தக் கதவையே பார்த்தேன். தேவையில்லாமல் ஒரு முதியவரின் கோடையைக் கெடுத்துவிட்டேனோ என்று மனம் அரித்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்க எனக்கு மனமில்லை.

நான்காம் நாள் அவரே வேலிக்கு வந்தார். "பெரிய பஸ் ஓட்டுகிறீர்கள்," என்றார். "இதை ஓட்டுவீர்களா?"

ஓட்டுவேன் என்று வாய் சொல்லிவிட்டது. கால்கள்தான் சொல்லவில்லை. அந்தக் காரில் இடப்பக்கம் கிளச், நடுவில் அக்ஸிலரேற்றர், வலப்பக்கம் பிறேக். வாழ்நாள் முழுவதும் பழகியதற்கு நேர்மாறு. முதல் நாள் நிறுத்துவதற்கென்று மிதித்தேன். கார் பாய்ந்து மண்கும்பியில் ஏறி நின்றது. பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர் தன் பாஷையில் ஏதோ சொன்னார். ஆமணக்கெண்ணெய் ஒழுக ஒழுக இருவரும் அதைத் தள்ளி இறக்கினோம். அதன்பின் வீட்டில் சமைக்கும்போதும் அடுப்படியில் நின்று வலது காலை ஒழுங்காக வைத்துப் பழகினேன். "வலப்பக்கம் பிறேக், வலப்பக்கம் பிறேக்" என்று நான் முணுமுணுப்பதைக் கேட்டு என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் பண்ணைக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன் என்று அவராகவே சொன்னார்.

பண்ணையில் நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளை என்று கார்கள் வரிசையாக நின்றன. அந்தக் காலத்தில் பந்தயத்துக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம்: பிரான்சுக்கு நீலம், இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, ஜெர்மனிக்கு வெள்ளை. என் கணவர் ஸ்காபறோவில் வாங்கிய மட்டன் ரோல்ஸ் பெட்டியுடன் அந்த வரிசையில் நடந்து, எல்லா நாட்டுக்காரர்களுக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார்.

காலையில் நானும் பிரெஞ்சுக்காரரும் மேட்டை ஒருமுறை நடந்து பார்த்தோம். வளைவுகளில் வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்தார்கள்; சனம் வலப்பக்கத்தில் மட்டும்தான் நிற்கலாம். அவ்வளவு பெரிய மஞ்சள் பொருள் தனக்குத் தெரிகிறது என்றார். எங்கள் முறை வந்தபோது அவர் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டு, ஓடிவந்து இடப்பக்கம் ஏறிக்கொண்டார். நான் வலப்பக்கம் தலையை நீட்டினேன். காற்றும் புகையும் முகத்தில் அடித்தன. முதல் வளைவு வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவர் என் தோளில் ஒருமுறை தட்டினார், நான் திருப்பினேன். அந்தத் தட்டை நம்பித் திருப்புவது எப்படிப்பட்டது என்று அப்போதுதான் விளங்கியது. எனக்குத் தெரியாத பாதி வீதியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது வளைவுக்கு முன் எஞ்சின் இருமியது. பிறகு நின்றது. கார் பின்னோக்கி உருளத் தொடங்கியது. என் வலது கால் யோசிக்காமல் சரியான மிதியைப் போய் அழுத்தியது.

திரும்பிப் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் பம்பையும் பெற்றோல் பம்பையும் மாறி மாறி அடித்து, வீதியையும் பார்த்து, தோளிலும் தட்டியதில் காற்றழுத்தம் போய்விட்டிருந்தது. புகைக்குழாய் அந்தப் பக்கத்தால் போகிறது; அவருடைய காற்சட்டை ஓரத்தில் கருகல் வாடை வந்தது.

"இவ்வளவு சூடா இங்கே?" என்று என்னைக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"மேடு ஏறும்போது நான் ஒரு நாளும் இந்தப் பக்கம் இருந்ததில்லை," என்றார்.

மேட்டோரத்தில் நின்றவர்களில் முதலில் ஓடிவந்தது என் கணவர். ஒரு கையில் இன்னும் ரோல்ஸ் இருந்தது. "பிறேக்கை விடாதையும்! விடாதையும்!" என்று கத்திக்கொண்டே ஒரு கல்லை எடுத்துப் பின்சில்லுக்குக் கீழே வைத்தார். பிரெஞ்சுக்காரர் இறங்காமல் பம்பை அடித்தார். நான் பிறேக்கிலேயே இருந்தேன். என் கணவர் மேற்சட்டையைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிரெஞ்சுக்காரர் சொன்ன மாதிரிச் சுழற்றினார். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ எஞ்சின் பிடித்தது. அவர் ஒதுங்க, நாங்கள் ஏறினோம். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அன்றைக்கு ஏறிய கார்களில் எங்களுடையதே மிகவும் மெதுவானது என்று அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகையால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்று பின்னேரம் பிரெஞ்சுக்காரர் ஒரு மரத்தடிக்குப் போய், வன்கூவரில் இருக்கும் மைத்துனரோடு நெடுநேரம் தொலைபேசியில் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு இரண்டு கண்ணிலும் சத்திரசிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்ததும் கராஜைத் திறந்து பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். புரை விழுந்த கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியுமாம், நீலம் மங்கிப்போகுமாம். அந்தக் கண்ணோடுதான் இரண்டு வருடத்துக்கு முன் எஞ்சின் மூடிக்கு நீலம் பூசியிருக்கிறார். "இது என்ன நீலம்? விளையாட்டுச் சாமான் மாதிரி!" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு அது எப்போதும் அப்படித்தான் தெரிந்தது. சரியான நிறம் இதுதானாக்கும் என்று இருந்துவிட்டோம்.

இப்போது அவரும் நானும் மாறி மாறி ஓட்டுகிறோம். ஆனால் என் மனம் காரைச் செய்த அந்த அண்ணன் தம்பியிடம் போய்விட்டது. என் அண்ணன் பாரிஸில் இருக்கிறான். ஓய்வு பெற்று, பகல் முழுவதும் தொலைக்காட்சி பார்க்கிறான். அவர்களுடைய ஊருக்கு ரயிலில் போய்ப் பார்த்து வரச்சொல்லிக் கெஞ்சினேன். "உனக்கு வேறை வேலை இல்லையோடி?" என்றான். ஆனாலும் போனான். பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு சுப்பர்மார்க்கெற். வாசலில் நின்று வீடியோவில் அழைத்தான்; நான் பக்கத்து வீட்டுக் கராஜில் இருந்தேன்.

"ஒண்டுமில்லை. கடையும் கார் விடுற இடமும்தான். நான் திரும்பப் போறன்."

"அண்ணை, பின்பக்கம் என்ன இருக்கு?"

"பின்பக்கம் ஒரு றோட்டு. சரியான ஏத்தம்." தொலைபேசியைத் திருப்பிக் காட்டினான். ஓட்டுவீடுகளுக்கு நடுவே ஒடுங்கிய கல்வீதி ஒன்று நேரே மேலே போனது. பிரெஞ்சுக்காரர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அண்ணன் தொலைபேசியை வீதியின் அடியிலிருந்து உச்சிவரை மெதுவாக உயர்த்தினான்.

"காரைச் செய்து போட்டு எங்கை ஓடிப் பாத்திருப்பாங்கள்? உதிலைதான்," என்றான். "பொறு, மேலை என்ன இருக்கெண்டு பாப்பம்."

படம் ஆடத் தொடங்கியது. முழங்கால் வலிக்காரன், மூச்சு வாங்க வாங்க ஏறிக்கொண்டிருந்தான்.